திருடனுக்குத் தமிழ் தெரிகிறது!

மாதம் பிறந்தால் ஏழாம் தேதி சம்பளம். எட்டாம் தேதி ஊருக்குப் பணம். திருநெல்வேலியிலும் சேலத்திலும் விழுப்புரத்திலும் மளிகைக் கடைப் பாக்கியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அந்தப் பணத்தை எதிர்பார்த்துக் காத்துக் கிடக்கின்றன. நம் பாட்டன்மார் பம்பாய்க்குப் பிழைக்க வந்த நாள் தொட்டு இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை. மாறியிருப்பது பணம் போகும் பாதை ஒன்றுதான்.

அன்று தபாலாபீசில் வரிசையில் நின்றோம். எழுதத் தெரியாதவர்களுக்கு மணியார்டர் பாரத்தை நிரப்பித் தர வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் கட்டினோம். பணம் போய்ச் சேர நாட்கள் பிடித்தன. ஆனால் கையில் ரசீது இருந்தது. அம்மாவின் கைநாட்டோடு சீட்டு திரும்பி வந்தது. பணம் சேரவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருந்தார்.

இன்று செல்போனில் ஒரு விநாடியில் பணம் போகிறது. 2016இல் வந்த யு.பி.ஐ. முறை அந்த வசதியைத் தந்தது. கமிஷன் இல்லை, வரிசை இல்லை, அரைநாள் கூலியும் மிச்சம். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்லர். ஆனால் வேகமாகப் போகும் பணம் வழியில் நின்றுபோனால் யாரைக் கேட்பது? அந்தப் பழைய ஜன்னல் எங்கே போயிற்று? அதைத்தான் கேட்கிறோம்.

வங்கியின் கதவு யாருக்குத் திறக்கிறது?

தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்கிறவர் ஊருக்கு மூவாயிரம் ரூபாய் அனுப்புகிறார். அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ஊரில் சேரவில்லை. வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்கிறார். "இந்திக்கு ஒன்றை அழுத்துங்கள், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்துங்கள்" என்கிறது ஒரு குரல். அழுத்துகிறார். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. கணக்கு எண், அட்டை எண், பிறந்த தேதி. பிறகு சங்கீதம். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு லைன் அறுந்து போகிறது.

மறுநாள் கூலியை விட்டுக் கிளைக்குப் போகிறார். "சர்வர் டவுன், நாளை வா" என்கிறார்கள். நாளை போனால், "கணக்கு உங்கள் ஊர்க் கிளையில் இருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்கிறார்கள். ஆயிரம் மைல் ரயிலில் போய்க் கேட்க வேண்டுமாம், மூவாயிரம் ரூபாய்க்கு! பணத்தை எடுத்துக்கொள்ள இந்தியா முழுவதும் ஒரே வங்கி. குறையைக் கேட்க மட்டும் சொந்த ஊர்க் கிளை. இது என்ன நியாயம்?

இந்த இடத்தில்தான் மூன்றாவது ஆள் நுழைகிறான். அலைந்து சலித்தவர் வங்கியின் வேறு எண் ஏதாவது கிடைக்குமா என்று இணையத்தில் தேடுகிறார். மோசடிக்காரன் தன் எண்ணை வங்கியின் எண் போல முன்கூட்டியே அங்கே போட்டு வைத்திருக்கிறான். முதல் மணியிலேயே எடுக்கிறான். சங்கீதம் இல்லை, காத்திருப்பு இல்லை. "சொல்லுங்கண்ணே" என்கிறான். ஆம், தேவைப்பட்டால் தமிழிலும் பேசுகிறான்! பொறுமையாகக் கேட்கிறான். "உங்க பணம் இப்பவே திரும்பி வரும், நான் அனுப்புற செயலியை இறக்கிக்குங்க, பின் எண்ணைப் போடுங்க" என்கிறான். நம்மவர் போடுகிறார். மூவாயிரத்தைத் தேடப் போனவர் முப்பதாயிரத்தைப் பறிகொடுத்து நிற்கிறார்.

அவர் ஏமாந்தது பேராசையாலா? இல்லை. தம் சொந்தப் பணத்தைக் கேட்கப் போய் ஏமாந்தார். வங்கி சாத்திய கதவுக்கு எதிரே திருடன் கடை விரித்தான். வங்கிக்குத் தெரியாத தமிழ் திருடனுக்குத் தெரிந்திருந்தது. அலட்சியம், தொழில்நுட்பம், திருட்டு என்று மூன்று தொல்லைகளாகப் பேசப்படுவது உண்மையில் ஒரே சங்கிலி என்பதை உழைக்கும் மக்கள் உணரவேண்டும்.

"படிக்காதவர்கள்" என்ற வசை

புகார் கொடுக்கப் போனால் முதலில் கிடைப்பது வசை. "படிக்காதவர்கள், ஏன் பின் எண்ணைக் கொடுத்தீர்கள்?" என்கிறார்கள். படித்தவர்கள் ஏமாறவில்லையா? "டிஜிட்டல் கைது" என்று போலீஸ் உடையில் வீடியோவில் வந்து மிரட்டியவர்களிடம் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் டாக்டர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே வானொலியில் பேசி, அப்படியொரு கைது சட்டத்தில் கிடையாது என்று எச்சரிக்க வேண்டிவந்தது. ஏமாற்று ஒரு தொழிலாக வளர்ந்துவிட்ட காலத்தில், ஏமாந்தவனை ஏளனம் செய்வது திருடனுக்குச் செய்யும் உபகாரம். வெட்கப்பட்டு வாய் மூடுகிறவர்கள் இருக்கும்வரை அவனுக்குக் கவலையில்லை. வீட்டில் மனைவியையோ மகளையோ ஏசுகிற ஆண்களும் இதை நினைவில் வைக்கட்டும்.

லோக்கல் ரயிலின் படியில் நிற்கும்போது பிடுங்கப்படும் செல்போனின் கதையும் இதுதான். போன் போனால் முன்பு ஒரு பொருள் போயிற்று. இன்று வங்கிக் கணக்கு, ரேஷன், ஆதார், முதலாளியின் எண், ஊரின் எண் எல்லாம் சேர்ந்து போகின்றன. காவல் நிலையத்தில் என்ன சொல்கிறார்கள்? "திருடு போயிற்று என்று எழுதாதே, தொலைந்து போயிற்று என்று எழுது" என்கிறார்கள். திருட்டு என்றால் வழக்குப் பதிய வேண்டும். தொலைந்தது என்றால் ஒரு சீட்டோடு முடிந்தது. பேப்பரில் திருட்டுக் குறைகிறது, ரயிலில் குறைகிறதா?

இன்னொரு அநீதியையும் சொல்லாமல் விடமுடியாது. சைக்கிளில் இட்லி விற்கிறவர், டீக்கடை வைத்திருக்கிறவர், எல்லாரும் கியூ.ஆர். அட்டை மாட்டியிருக்கிறார்கள். எவனோ மோசடிப் பணத்தில் முப்பது ரூபாய்க்கு இட்லி வாங்கித் தின்றுவிட்டுப் போகிறான். எங்கோ ஒரு மாநிலத்தின் போலீஸ் உத்தரவில் இட்லிக்காரரின் கணக்கு முழுவதும் முடக்கப்படுகிறது. சந்தேகம் முப்பது ரூபாயில். முடங்குவது ஒரு குடும்பத்தின் அடுப்பு. பெரிய மீன் வலைக்கு வெளியே, சின்ன மீன் வலைக்குள்ளே!

உரிமை நம் கையில் உண்டு

தோழர்களே, தாய்மார்களே! புலம்புவதோடு நிற்கக்கூடாது. சட்டத்தில் நமக்கு இருக்கும் உரிமைகளை வங்கிகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்கிறோம்.

முதலாவது, வழியில் நின்ற பணம். 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஓர் ஆணை இட்டது. அதன்படி யு.பி.ஐ.யில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய பணம் கழிந்து, போய்ச் சேரவில்லை என்றால், அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது திரும்ப வேண்டும். ஏ.டி.எம்.மில் கணக்கில் கழிந்து கைக்கு வராத பணம் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. அதை நாம் கேட்காமலேயே வங்கி தரவேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அந்த நூறு ரூபாய் வந்திருக்கிறது?

இரண்டாவது, நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து போன பணம். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வகுத்த கொள்கை இது: தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் நாமும் தவறு செய்யாமல் மூன்றாமவனால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. நாமே பின் எண்ணைக் கொடுத்திருந்தாலும், வங்கிக்குச் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. குற்றம் வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பாரமும் வங்கியின் தலையில்தான். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே நடப்பு விதி என்ன என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பாதீர்கள்.

மூன்றாவது, போலீஸ். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "இது குர்லா எல்லை, அது தாதர் எல்லை" என்று விரட்ட முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் உயர் அதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். கையிலிருந்து பிடுங்குவதை அதே நாளில் வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

நான்காவது, மேல்முறை. வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 2020 ஜூலை 20 அன்று அமலுக்கு வந்த நுகர்வோர் சட்டம், நாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே வழக்குப் போட வழி செய்திருக்கிறது. பிழைக்க வந்தவர்களுக்கு இது பெரிய வசதி.

கேட்பது சலுகையல்ல

நம் கோரிக்கைகள் எளியவை. கணக்கு எந்த ஊரில் இருந்தாலும், எந்தக் கிளையிலும் புகாரை வாங்கி முத்திரை போட்டு நகல் தரவேண்டும். சேவை எண்ணில் வாடிக்கையாளரின் மொழியில் பேசும் மனிதர் இருக்கவேண்டும். முடியாது என்று சொல்லாதீர்கள். மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915, தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் குறை கேட்கிறது. அரசாங்க உதவி எண்ணால் முடிவது கோடிகளில் இலாபம் காட்டும் வங்கிகளால் முடியாதா? கணக்கு திறக்க ஆள் பிடிக்கும்போது தமிழ் விளம்பரம் செய்கிறவர்கள், குறை கேட்கும்போது மட்டும் செவிடாவது ஏன்? சிறு வியாபாரியின் கணக்கை முழுவதும் முடக்காமல், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கவேண்டும். காவல் நிலையங்களில் திருட்டைத் திருட்டு என்றே எழுதவேண்டும்.

மராத்தியர், பீகாரிகள், வங்காளிகள், ஒடியர் என்று நம் பக்கத்துச் சாலிகளில் வாழும் தொழிலாளர் எல்லோருக்கும் இதே கஷ்டம் இருக்கிறது. அவரவர் மொழியில் அவரவருக்குச் சேவை கேட்போம். இது தமிழனுக்கும் பிறருக்கும் உள்ள சண்டை அன்று. கூலிக்காரனின் பணத்தை மதிக்காதவர்களோடு உள்ள வழக்கு.

இன்றே செய்யவேண்டியவை

கோரிக்கை நிறைவேறும்வரை நம் வீட்டைக் காப்பது நம் வேலை. வங்கியின் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். பாஸ்புத்தகத்திலும் அட்டையின் பின்புறத்திலும் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். பணம் வாங்கப் பின் எண் தேவையில்லை. "பணம் வரும், பின் போடு" என்றால் அவன் திருடன். யார் சொன்னாலும் புதுச் செயலியை இறக்காதீர்கள்.

செல்போனில் *#06# அடித்தால் வரும் 15 இலக்க எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள் வையுங்கள். போன் திருடு போனால் முதலில் சிம்மை நிறுத்துங்கள். அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு போலீசில் எழுதிக் கொடுங்கள். போலீஸ் நகல் இருந்தால், 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த "சஞ்சார் சாத்தி" தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைக் கொடுத்து, போனை எந்தக் கம்பெனியின் சிம்மிலும் வேலை செய்யாதபடி தடுக்கலாம்.

மோசடியில் பணம் போனால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம், அக்கம்பக்கத்தாரைக் கலந்துகொண்டிருக்கவும் வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் திருடனின் கணக்கிலிருந்து வெளியேறும் முன் சொன்னால் அதை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரத் தாமதம் ஒரு மாதச் சம்பளத்தின் விலை.

இதையெல்லாம் தனியாகச் செய்ய எல்லோராலும் முடியாது. மனு எழுதத் தெரிந்த இளைஞர்கள், கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சங்கத்துக்கு வந்து உட்காரட்டும். அன்று தபாலாபீஸ் வாசலில் பாரம் நிரப்பித் தந்தவரின் இடம் இன்று காலியாகக் கிடக்கிறது. அதை நாம் நிரப்புவோம். ஒருவர் போனால் "நாளை வா" என்பவர்கள், கையில் மனுவோடு இருபது பேர் சேர்ந்து போனால் அன்றைக்கே முத்திரை குத்துவார்கள்.

வியர்வை சிந்திச் சேர்த்த பணம். அது போன இடத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் மொழியிலேயே கேட்போம், சேர்ந்து கேட்போம்!