சின்ன ரூமுக்கு எந்த சப்-வூஃபர்? வாட்ஸைப் பார்த்து வாங்காதீங்க, ரூமைப் பார்த்து வாங்குங்க!

55 இன்ச் டி.வி வந்தாச்சு. ஓ.டி.டி சந்தாவும் கட்டியாச்சு. ஆனா, ஹீரோ என்ட்ரி சீன்ல தியேட்டர்ல நெஞ்சுல இடிச்ச அந்த 'தும்' மட்டும் வீட்டுல வரவே மாட்டேங்குது. ஹோம் தியேட்டர் ஆசை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த நிமிடமே ஷாப்பிங் ஆப்பில் 'சப்-வூஃபர்' என்று தேடுகிறோம். ஆயிரக்கணக்கில் வாட்ஸ், 12 இன்ச், 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று திரை முழுக்க எண்கள்.

இந்த எண்களில் பாதி, நம் வீட்டு அறைக்குச் சம்பந்தமே இல்லாதவை. அபார்ட்மென்ட்டில் ஒரு பெட்ரூமையோ, ஹாலின் ஒரு பகுதியையோ தியேட்டராக மாற்ற நினைப்பவர்களுக்கு, நல்ல காம்பாக்ட் சப்-வூஃபரே போதும் என்பது என் கருத்து. போதும் என்பதைவிட, பெரும்பாலான சின்ன அறைகளில் அதுதான் பொருத்தமும்கூட. ஏன் என்று பார்ப்போம்.

சப்-வூஃபருக்கு என்ன வேலை?

மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இதில் அடிமட்ட ஒலிகளைத் தருவதுதான் சப்-வூஃபர். '5.1' என்று சொல்கிறோமே, அதில் அந்த '.1' என்பது 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட எல்.எஃப்.இ சேனல். குண்டு வெடிப்பு, இடி, ஹெலிகாப்டர் எல்லாம் இதில்தான் வரும்.

இதோடு, மற்ற ஸ்பீக்கர்களால் தர முடியாத பேஸையும் ஏ.வி ரிசீவர் சப்-வூஃபருக்கே அனுப்பிவிடும். எந்த இடத்தில் பிரித்து அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பதுதான் 'கிராஸ்ஓவர்'. டி.எச்.எக்ஸ் பரிந்துரைக்கும் அளவு 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதை நம் காதால் எளிதில் சொல்ல முடியாது. இந்த ஒரு தகவலை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதல்ல ரூமை அளங்க

12 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். ஒலி காற்றில் நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையே எட்டரை மீட்டர் நீளம். அந்த அலை நம் அறையை விடப் பெரியது!

சுவரில் மோதித் திரும்பும் அலைகள், சில அலைவரிசைகளில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெருகும். நம் 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ். 11 அடி அகலத்துக்கு 51. 10 அடி உயரத்துக்கு 56. மூன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன. அதாவது, நீங்கள் எந்த சப்-வூஃபரை வைத்தாலும் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸை அந்த அறையே ஊதிப் பெருக்கும்.

'தம் தம்'னு ஒரே மாதிரி சத்தம் வருதே, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் பிரிஞ்சே கேக்கலையே என்று பலர் புலம்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இங்கே போய் இன்னும் பெரிய பெட்டியை வாங்கி வைத்தால், அந்தப் புலம்பல் கூடத்தான் செய்யும்.

வெளிநாட்டு யூடியூப் விமர்சனங்களில் '12 இன்ச்சுக்குக் கீழே வாங்காதே' என்பார்கள். அவர்களில் பலருடையது கிச்சன் வரை திறந்திருக்கும் பெரிய ஹால், மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். அதன் வழியே பேஸ் கசிந்துவிடும். நம்முடையது செங்கலும் கான்கிரீட்டும். கதவைச் சாத்தினால் பேஸின் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். அவர்களுக்கான அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது.

வாட்ஸ் மாயை

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'பி.எம்.பி.ஓ' வாட்ஸை மறந்துவிடுங்கள். அது ஒரு கண நேர உச்சத்தைக் காட்டி, பெரிதாகத் தெரிய வைக்கும் விளம்பரக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய 'ஆர்.எம்.எஸ்' வாட்ஸை மட்டும் பாருங்கள். அதிலும் ஒரு விஷயம் உண்டு. வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட்ஸ் தேவை.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு ஆழம் வரை இறங்கும், எவ்வளவு சத்தத்தில்?' என்பதுதான். 60 ஹெர்ட்ஸில் கிடைக்கும் அதே சத்தம் 30 ஹெர்ட்ஸிலும் வேண்டுமானால், ஸ்பீக்கரின் கோன் 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சின்னப் பெட்டிக்கு இதுதான் பெரிய சவால்.

கே.எல்.எச் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'எச்', ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரில் ஒரு விதியே உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சக்தியில் அதிக சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். இன்றைய காம்பாக்ட் சப்-வூஃபர்கள் மூன்றாவதை விட்டுக்கொடுத்துவிட்டு, பெரிய ஆம்ப்ளிஃபயரையும் டி.எஸ்.பி சிப்பையும் வைத்து ஈடுகட்டுகின்றன. 2021-ல் வந்த கே.இ.எஃப் கே.சி.62 இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு பக்கமும் சுமார் 25 செ.மீ. உள்ள பெட்டி, எதிரெதிரே இரண்டு ஆறரை இன்ச் டிரைவர்கள், மொத்தம் 1,000 வாட்ஸ். 11 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்கிறது நிறுவனம். அறிமுக விலை 1,499 டாலர்.

ஆனால், சத்தத்தைக் கூட்டக் கூட்ட, டிரைவரைக் காப்பாற்ற இந்த சிப்கள் ஆழமான பேஸைத்தான் முதலில் குறைக்கும். அதனால் பிரோஷரில் உள்ள ஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 'சி.இ.ஏ-2010' என்ற அளவீட்டு முறையில், ஒவ்வொரு அலைவரிசையிலும் எத்தனை டெசிபல் தருகிறது என்று சோதித்த விமர்சனம் கிடைத்தால் அதையே பாருங்கள்.

மூடிய பெட்டியா, ஓட்டை வைத்ததா?

சப்-வூஃபர்கள் முக்கியமாக இரண்டு வகை. காற்று வெளியேறாத 'சீல்டு' ஒன்று. குழாய் போன்ற திறப்புள்ள 'போர்ட்டட்' இன்னொன்று. போர்ட்டட் வகை அதிக சத்தம் தரும். ஆனால் பெட்டி பெரிதாக வேண்டும். விலை குறைந்த சின்ன போர்ட்டட் பெட்டிகள் பலவும் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே முழங்கிவிட்டு, அதற்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். நம் அறை ஏற்கெனவே ஊதிப் பெருக்கும் அதே இடத்தில்!

சீல்டு வகையில் பேஸ் மெதுவாகத்தான் குறையும். மூடிய சின்ன அறையில், மிகத் தாழ்ந்த ஒலிகளை அறையே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இரண்டும் ஓரளவு ஈடாகிவிடும். எனவே 12-க்கு 11 போன்ற அறைக்கு 8 அல்லது 10 இன்ச் சீல்டு சப்-வூஃபர் என்பதே என் பரிந்துரை. விலை கைக்குள் இருந்தால் 10 இன்ச். எட்டு இன்ச்சை விட அதன் கோன் பரப்பு ஒன்றரை மடங்கு அதிகம்.

காம்பாக்ட்டின் உண்மையான லாபம்

கடைக்காரர் 'இடம் மிச்சம் சார்' என்பார். அதைவிடப் பெரிய லாபம், வைக்கும் இடத்தை நாமே தேர்ந்தெடுக்க முடிவது. பெரிய பெட்டி, வீட்டில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கேதான் போகும். பெரும்பாலும் டி.வி பக்கத்து மூலை. மூலையில் வைத்தால் அறையின் எல்லா முழக்கமும் சேர்ந்து எழும்பும்.

சின்னப் பெட்டியை சோஃபாவுக்குப் பின்னால்கூட வைக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசை தெரியாது என்று பார்த்தோம் இல்லையா, அதனால் பின்னால் இருந்து ஒலி வருவது உறுத்தாது. ஆனால் உங்கள் மற்ற ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அளவுதான், கிராஸ்ஓவரை 120, 150 என்று வைத்தாக வேண்டும் என்றால் இது சரிப்படாது. சப்-வூஃபர் முன்பக்கமே இருக்கட்டும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்-வூஃபரை வையுங்கள். பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அறையின் ஓரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே பேஸ் சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அங்கே சப்-வூஃபரை மாற்றிவிடுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 5 பைசா செலவில்லை.

பட்ஜெட் இன்னும் இருந்தால், பெரியது ஒன்றை விடச் சின்னது இரண்டு மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தால் எல்லா இருக்கைகளிலும் பேஸ் சீராகும் என்று காட்டியது.

பக்கத்து வீட்டுக்காரரையும் கணக்குல சேருங்க

நம் நாட்டில் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இந்த அளவு மனிதக் காதின் இயல்புக்கேற்பக் கணக்கிடப்படுவது. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு சுமார் 30 டெசிபல் கழிக்கப்பட்டுவிடும். எனவே மொபைல் ஆப்பில் 'லிமிட்டுக்குள்ளதான் இருக்கு' என்று காட்டினாலும், மேல் வீட்டில் தூங்கும் குழந்தைக்குக் கட்டில் அதிரலாம்.

அடியில் வைக்கும் ரப்பர், ஃபோம் பேட் தரைவழி அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். காற்று வழியே சுவரைத் தாண்டும் பேஸை அதனால் தடுக்க முடியாது. இங்கேயும் கைகொடுப்பது சின்னப் பெட்டிதான். சோஃபாவை ஒட்டி வைத்தால், குறைந்த சத்தத்திலேயே உங்களுக்கு அந்த 'தும்' கிடைக்கும். சத்தம் குறைந்தால் சுவரைத் தாண்டுவதும் குறையும். இரவில் ரிசீவரின் 'நைட் மோடு'வையும் போட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் 5 கேள்விகள்

• அறையின் நீள, அகல, உயரம் என்ன? கதவைச் சாத்த முடியுமா?

• சப்-வூஃபரை வைக்கக் குறைந்தது 2 இடங்கள் இருக்கின்றனவா? ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிளக் பாயின்ட் உண்டா?

• ரிசீவரிலோ சவுண்ட்பாரிலோ 'சப் அவுட்' இருக்கிறதா? பல சவுண்ட்பார்கள் சொந்த கம்பெனியின் வயர்லெஸ் சப்-வூஃபரை மட்டுமே ஏற்கும்.

• ஃபேஸ், கிராஸ்ஓவர், வால்யூம் மூன்றையும் மாற்ற வசதி உண்டா?

• வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர முடியுமா?

கடைசிக் கேள்விக்கு 'முடியும்' என்று சொல்லும் கடைக்கு, கொஞ்சம் விலை கூடினாலும் போகலாம். ஷோரூம் டெமோவில் அதிர்வது அவர்களுடைய அறை. உங்கள் அறை என்ன செய்யும் என்பது உங்கள் வீட்டில் வைத்துக் கேட்டால்தான் தெரியும்.