புழங்காத காசுக்கு இத்தனை மவுசா?

ரொறன்ரோவிலிருந்து நண்பர் ஒருவர் சென்ற மாதம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கொழும்பில் ஒரே பத்திரிகைக் காரியாலயத்தில் பல ஆண்டுகள் என்னோடு இரவுப்பணி பார்த்தவர். ஓய்வு பெற்றபின், ஜார் பேரரசின் காலத்துச் செப்பு நாணயங்களைச் சேர்ப்பதில் இறங்கியிருக்கிறார். அத்தகைய நாணயம் ஒன்று என்னிடமும் உண்டு. 1991 இல் இலண்டன் தெருச்சந்தையில் வாங்கியது. படம் கேட்டார், அனுப்பினேன். மறுமொழி இரண்டு வரியில் வந்தது: "தேய்ந்துபோன பியத்தாக் மச்சான், அரிதானது அல்ல. புளி போட்டு மினுக்கினால் மேசையில் வைக்கலாம்."

அந்த இரண்டு வரிக்கும் பதில் எழுதப் போய்த்தான் இது இவ்வளவு தூரம் நீண்டுவிட்டது.

பியத்தாக் என்பது ஐந்து கொபெக். பேரரசி இரண்டாம் கத்தரினின் ஆட்சியில், ஒரு பூட் செம்பில், அதாவது ஏறத்தாழ 16.4 கிலோகிராம் செம்பில், 16 ரூபிள் அச்சிட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு பியத்தாக்கின் எடை 51 கிராம். ஆண் தலை ஒன்றுக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய தலைவரி 1794 வரை 70 கொபெக். பியத்தாக்கில் அது பதினான்கு. எடையில் 700 கிராமுக்கும் மேல். ஆயிரம் ரூபிள் வரிப்பணத்தைச் செம்பில் ஏற்றினால் ஒரு தொன் பாரம். 1769 இல் ருஷ்யாவில் காகிதப்பணம் புகுந்ததற்கு இந்தப் பாரமும் ஒரு காரணம். பண்ணையடிமையின் இடுப்பிலிருந்து வரிவசூலிப்பவனின் வண்டிக்கும், அங்கிருந்து கருவூலத்துக்கும் போய்வந்த காசு தேயாமல் வேறென்ன செய்யும்?

என் நாணயத்தில் 1793 என்று பொறித்திருக்கிறது. அது பொய். 1796 இல் கருவூலம் வற்றியபோது, பழைய பியத்தாக்குகளையெல்லாம் திரும்பப் பெற்று, அதே செம்பின்மேல் பத்துக் கொபெக் என்று அச்சடிக்கும் வேலை தொடங்கியது. ஒரு கைப்பிடி செம்பு கூடாமலே பணம் இரட்டிப்பாகும் வித்தை. அவ்வாண்டு நவம்பரில் பேரரசி இறந்தார். தாயின் காரியம் எதையும் சகிக்காத மகன் பாவெல் அரியணை ஏறியதும், பத்தை மீண்டும் ஐந்தாக்கும்படி கட்டளையிட்டான். அதற்குப் பயன்பட்டவை பழைய அச்சுகள். ஆகவே மகனின் ஆட்சியில் அடித்த காசில் தாயின் பெயரெழுத்தும் பழைய ஆண்டும் நிற்கின்றன. என் காசைச் சாய்த்துப் பிடித்தால், கழுகின் சிறகுக்கு அடியில் பத்துக் கொபெக் அச்சின் எழுத்துச் சுவடுகள் தெரியும்.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. 1762 இல் கத்தரினின் கணவர் மூன்றாம் பீற்றர் செய்ததும் இதே வித்தைதான். அவரை வீழ்த்தி அரியணையைப் பற்றிய கத்தரின், அதைத் தலைகீழாக்கிப் பழைய எடையைக் கொண்டுவந்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்துக் கணவரின் தந்திரத்தைத் தாமே கையிலெடுத்தார்! மடியில் காசு வைத்திருந்த குடியானவனை எந்த முறையும் எவரும் கேட்கவில்லை. இந்த வரலாறு முழுவதும் ஐம்பது கிராம் செம்பில் இருக்கிறது. நண்பருக்குத் தெரிவது தேய்மானம் மட்டும்.

அவர் கனவு காண்பது செஸ்த்ரோரெத்ஸ்க் ரூபிளை. 1770, 1771 ஆம் ஆண்டுகளில், காகிதப்பணத்துக்கு ஈடாக வைப்பதற்கென்று செய்துபார்த்த, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள செப்பு உருளை. நாணயச்சாலையின் பொறிகளுக்கு அது அடங்கவில்லை. சில மாதிரிகளோடு கைவிட்டார்கள். அந்தக் காசு கொடுத்து ஒருவரும் ஒரு ரொட்டி வாங்கியதில்லை. காசாக ஆகமுடியாமற் போனதே அதன் அருமை.

இன்னும் கேளுங்கள். பணக்காரச் சேகரிப்பாளரின் ஆசையைத் தீர்க்க, பழைய நாணயங்களின் வடிவில் புதிய பிரதிகளைப் பேரரசின் நாணயச்சாலையே அடித்துக் கொடுத்தது. நோவொதெல் என்று பெயர். செஸ்த்ரோரெத்ஸ்க் ரூபிளுக்கும் அவ்வாறு பிரதிகள் உண்டு. தனியாள் செய்தால் கள்ளக்காசு, அரசு செய்தால் அரும்பொருள்! இவற்றில் சிலவற்றுக்கு இன்று ஏலத்தில் கிடைக்கும் விலை, உண்மையில் புழங்கிய பியத்தாக்குகளின் விலையைப்போல் பல மடங்கு.

சேகரிப்பவர் எல்லோரும் இப்படி என்று நான் பழிக்கவில்லை. கோமகன் கியோர்கி மிகைலோவிச் ஆட்சி ஆட்சியாகத் தொகுத்து வெளியிட்ட நாணய நூல்களின்றி இத்துறையில் இன்றும் எவரும் அசையமுடியாது. 1919 ஜனவரியில் அவரைப் பெத்ரோகிராதின் கோட்டையில் சுட்டுக்கொன்றார்கள். அவருடைய சேகரிப்பின் ஒரு பகுதி அமெரிக்காவில் ஸ்மித்சோனியனை அடைந்தது. அவர் சேர்த்தார், சேர்த்ததை எழுதி வைத்தார். இன்றைய சேகரிப்பாளர் பலரிடம் இந்த இரண்டாவது வேலை இல்லை.

இன்னொரு கொடுமை நிலத்தில் நடக்கிறது. உலோகம் கண்டறியும் கருவியோடு வயல்களில் இறங்கிக் காசைத் தோண்டி எடுப்பவர்களுக்கு எதிராக 2013 இல் ருஷ்யா சட்டத்தைக் கடுமையாக்கியது. ஒரு பானையில் எந்தெந்தக் காசுகள் ஒன்றாக இருந்தன, எந்தக் குடிசையின் அடியில் இருந்தன என்பது குழி வெட்டிய கையோடு அழிகிறது. எஞ்சுவது களிம்பேறிய செம்பும் விலைச்சீட்டும். கடல் கடந்து அதை வாங்குபவர், எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

புளி விடயத்துக்கு வருகிறேன். எங்கள் பாட்டி செப்புக்குடத்தைப் புளி போட்டுத்தான் துலக்கினார்; குடத்துக்கு அது அழகு. நாணயத்தின் மேலுள்ள களிம்பு இருநூறு ஆண்டுகளில் படிந்தது. புளியின் அமிலம் அதைத் தின்றால் மெல்லிய சுவடுகளும் கூடவே போகும். என் காசில் அந்தச் சிறகுக்கு அடியில் நிற்கும் எழுத்துகள் முதலில் போகும்.

இதையெல்லாம் அவருக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: "இரட்டை அச்சு என்று முதலே சொல்லியிருக்கலாமே மச்சான். என்ன விலைக்குத் தருவாய்?"