ஓடு ஒரு நாள், கோபுரம் ஒரு நாள்

"மக்கா, டிலனாய்க்கு இன்னைக்கு ஏழு பட்டன். நேத்து ஒன்பது. முந்தாநாள் கோட்டே கெடையாது."

ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் இப்படி வருகிறது. எண்ணியா பார்த்தாய் என்று கேட்டேன். "எண்ணினேன். எனக்க தலையெழுத்து" என்றான் கூட்டாளி.

நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் நாங்கள் ரெண்டு பேர் செய்கிற மொபைல் கேம் இது. 1741 குளச்சல் போர்தான் கதை. மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்ட தளபதி டிலனாய் பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கதைக்குப் பஞ்சமில்லை, படத்துக்குத்தான். ஓவியரை வைத்துக்கொள்ளக் காசில்லாததால் ஏஐயிடம் போய் நின்றோம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒரு படத்தையும் குறை சொல்ல வாய் வராது. இருபதையும் ஒரு திரையில் பரப்பினால், சத்தியை விருந்துக்கு ஊரெல்லாம் இரவல் வாங்கின பாத்திரம் மாதிரி இருக்கிறது. ஒன்றில் கோடு தடிமன், இன்னொன்றில் கோடே இல்லை. அரண்மனைக்கு வெயில் இடப்பக்கம் அடிக்க, வாசலில் நிற்கிற காவல்காரனுக்கு வலப்பக்கம் அடிக்கிறது. தின்றால் உயிர் கூடும் என்று மட்டிப்பழம் வைத்தோம். விரல் நீளப் பழம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின பழம். ஏஐ தருவதோ முழங்கை நீளத்துக்கு, ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற பெரிய வாழைப்பழம்.

காரணம் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு படத்தையும் அது வெறும் புள்ளி இரைச்சலில் இருந்துதான் தொடங்குகிறது. நேற்று வரைந்ததன் ஞாபகம் அதற்குக் கிடையாது. அந்த இரைச்சலைத் தீர்மானிக்கிற சீட் எண்ணை மாற்றாமல் வைத்தால் அதே படம் வரும், சரி. ஆனால் 'நிற்கிறான்' என்பதை 'ஓடுகிறான்' என்று திருத்தின உடனே மூஞ்சியும் கூடவே ஓடிவிடுகிறது.

இதெல்லாம் எந்த ஊரில் கேம் செய்கிறவனுக்கும் உள்ள பாடு. நம்மூர்க்காரனுக்கு மேல்கொண்டு ஒரு பாடு உண்டு. ப்ராம்ப்டில் 'கேரளா' என்று போட்டால் காயலும் கெட்டுவள்ளமும் வருகிறது. 'தமிழ்நாடு' என்று போட்டால் தஞ்சாவூர்க் கோயில் விமானம் வந்து நிற்கிறது. சுசீந்திரத்தில் ஏழுநிலைக் கோபுரம், கொஞ்ச தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் ஓடு வேய்ந்த மரக் கூரை, ரெண்டும் ஒரே நாட்டின் முகம் என்று அதற்கு எப்படி விளங்க வைப்பது? 1956 நவம்பர் 1-இல் இங்கே முடிந்துபோன, கேரளமா தமிழ்நாடா என்ற எல்லைத் தகராறை அது தினமும் புதிதாகத் தொடங்குகிறது. அந்த அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு என்று சொன்னால் இன்னும் குழம்பிப்போகுமோ என்னவோ.

அந்த அரண்மனைக்குள்ளேயே சுவரோவியம் இருக்கிறது. அந்த மரபுக்கு அடிப்படை நிறம் ஐந்துதான்: மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை. எத்தனை கை வரைந்தாலும் ஒரு கை வரைந்த மாதிரி தெரிவதற்கு அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு உதவியிருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. அதே ஐந்து நிறத்தை நாங்களும் விதியாகக் கொடுத்துப் பார்த்தோம். ரெண்டு படம் அடங்கி இருந்தது. மூன்றாவதில் ஊதா வந்தது.

கடைசி வழி லோரா. அதாவது, நம் கையில் இருக்கிற கொஞ்சம் படங்களைக் காட்டி, அந்தப் பாணியை மாடலுக்குத் தனியாகப் பழக்குவது. அரண்மனையைப் படமெடுக்கப் போனோம். திங்கள்கிழமை விடுமுறை என்பதை மறந்து போய், பூட்டைப் பார்த்துத் திரும்பி, செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். முப்பது படம் எடுத்துப் பழக்கினோம். கோடு ஒன்றுபோல் வந்தது, நிறம் வந்தது, வெளிச்சமும் ஒரே பக்கம். கண் நிறைந்துபோனது.

பிறகு குளச்சல் கடற்கரையில் ஒரு கட்டுமரம் கேட்டோம். கட்டுமரத்துக்கும் ஓட்டுக் கூரை போட்டுத் தந்திருக்கிறது, முகப்பில் மரச் சித்திரவேலையோடு.

"பேசாம ஓடு போட்ட கட்டுமரம்னே கதைய மாத்திருவோமாலே?" என்றேன்.

பதில் இல்லை. ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தான்.