தாடையைத் திருத்திய பின்னர்

மேற்றாடையும் கீழ்த்தாடையும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் உணவை மெல்லவும் தெளிவாகப் பேசவும் இயலாது வருந்துவோர் நம்மிடையே உளர். எலும்பை அறுத்து உரிய இடத்தில் நிறுத்தும் சத்திரசிகிச்சை அவர்களுக்கு நல்வாழ்வு அளிக்கின்றது. 1849 ஆம் ஆண்டில் அமெரிக்கரான சைமன் ஹல்லிஹென் இத்துறைக்கு வழிகாட்டினார். 1957 இல் ஹியூகோ ஒப்வெகெசர், கீழ்த்தாடையை வாயினுள்ளிருந்தே பிளந்து நகர்த்தும் முறையை ஆங்கில மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். முகத்தில் வடு விழாமை இம்முறையின் பெருநன்மை. ஆனால் வாயோ எண்ணற்ற கிருமிகள் குடியிருக்கும் இடம். அங்குள்ள புண்ணை எவ்வாறு காப்பது?

சத்திரசிகிச்சையின்போது நோய்க்கிருமிகளைத் தடுக்கும் மருந்தை வைத்தியர் கொடுப்பர். வீடு திரும்பிய பின் காவல் வீட்டாருடையது. புண்ணுள்ள வாயில் எதுவும் படலாகாதென அஞ்சிப் பல் துலக்காது விடுவோர் பலர். தங்கிய உணவே கிருமிகளுக்கு விருந்தாகும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வைத்தியர் அனுமதித்த நாள் முதல், சிறிய மென்மையான பிரஷினால் பற்களை மெல்லத் துலக்குதல் வேண்டும். கஞ்சியோ வடித்த கூழோ எதனைப் பருகினும், பின்னர் வாயை மெதுவாக அலசுதல் வேண்டும். குளோரெக்சிடீன் கலந்த வாய்கழுவு நீரைச் சொல்லிய அளவிலேயே பயன்படுத்துக. புகையிலைப் புகை புண்ணுக்குச் செல்லும் குருதியைக் குறைத்து, அது ஆறுவதைத் தாமதிக்கும். ஆதலின் சுருட்டும் சிகரெட்டும் வேண்டா. நீரிழிவுள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல் இன்றியமையாதது. கொடுத்த மாத்திரைகளை இடையில் நிறுத்தலாகாது. பிறர் உண்டு எஞ்சியவற்றை வாங்கி உண்பதும் தவறு.

எழுவைதீவு போன்ற சிறு தீவில் வாழ்வோர்க்கு இன்னும் இரண்டு சொல்லுவோம். சுற்றிலும் உப்புநீர் இருப்பினும் கடல்நீர் வாய் கொப்பளிக்க ஆகாது. கொதிக்கவைத்து ஆறிய நன்னீர் ஒரு தம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொள்க. இஃது ஒன்று.

மற்றொன்று காலத்தைப் பற்றியது. இத்தீவிலிருந்து படகேறி ஊர்காவற்றுறையை அடைந்து, அங்கிருந்து தரைவழியே யாழ்ப்பாணம் செல்லல் வேண்டும். ஆகவே, "நாளைக்குப் பார்ப்போம்" என்னும் சொல் இங்கே ஆபத்தானது. வீக்கம் முதல் இரண்டு மூன்று நாள்கள் மிகுந்து பின் வடிதல் இயல்பு. வடியத் தொடங்கிய வீக்கம் மீண்டும் எழுந்தாலும், நோவு நாளுக்கு நாள் கூடினாலும், காய்ச்சல், சீழ், துர்நாற்றம் தோன்றினாலும், கடைசிப் படகு புறப்படுமுன்னரே வைத்தியரை நாடுதல் வேண்டும். மூச்சுவிடவோ விழுங்கவோ தடை ஏற்படின் நொடியும் தாழ்த்தலாகாது. எலும்பை இணைத்த உலோகத் தகட்டைச் சுற்றிச் சில வாரங்கள், மாதங்கள் கழித்தும் தொற்று தலைகாட்டலாம். புண் ஆறியதே என்று அசட்டையாக இருத்தல் கூடாது.

வைத்தியரின் கைத்திறன் சில மணி நேரத்தில் தன் பணியை முடித்துவிடுகின்றது. அதன் பயன் நிலைப்பதற்கு, வாரக்கணக்கில் வீட்டார் காட்டும் துப்புரவும் விழிப்புமே துணையாகும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை, பொறுமையே வேண்டும்.