அச்சம் என்னும் மெய்ப்பாடும் ‘டிராகுலா’வும்

தமிழின் முதற் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்த 1931ஆம் ஆண்டிலேயே, டாட் பிரவுனிங் இயக்கிய ‘டிராகுலா’ என்னும் ஹாலிவுட் படமும் வெளிவந்தது. அதனைப் பேய்ப்படம் எனப் புறந்தள்ளாது, மெய்ப்பாட்டியல் வழி நோக்குதல் தகும் என்பது என் கருத்து.

அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் சுட்டுவன அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு. பெலா லுகோசி ஏற்ற டிராகுலாவிடம் இந்நான்கும் ஒருங்கே அமைகின்றன. அவன் இறந்தும் இறவாதவன், வௌவாலாகவும் ஓநாயாகவும் உருமாறுபவன், இரவில் புகுந்து குருதி கவர்பவன், கோட்டைக்குரிய பிரபு.

உத்திரமேரூர் வட்டாரத்துப் பாரதக் கூத்தில், திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் வெளிப்படுகையில் அச்சத்தை எழுப்புவன மிருதங்கமும் முகவீணையும் உரத்த குரலும் ஆகும். டிராகுலாவிலோ பின்னணி இசை ஏறத்தாழ இல்லை. நீண்ட அமைதியே பார்ப்பவரை அஞ்சவைக்கிறது. மெய்ப்பாடு ஒன்றே, அதனைப் புலப்படுத்தும் நெறிகள் வேறு.

உரையாசிரியர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளோடு நம் ஆய்வு நின்றுவிடின், அந்நூற்பா தேர்வுக்குரிய மனப்பாடப் பொருளாகவே எஞ்சும். விடிய விடியக் கூத்துக் கண்டு வளர்ந்த இவ்வட்டார மாணவர்க்கு இப்படத்தை வகுப்பறையில் திரையிட்டு, இரண்டனையும் ஒப்பிடச் செய்தல் வேண்டும். அப்போது மெய்ப்பாட்டியல் அவர்தம் பட்டறிவோடு பொருந்தி விளங்கும்.