ஊசி இல்லாத தையல்

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் திண்டிவனத்தில் விழுப்புரம் பாஸஞ்சரில் ஏறினேன். எதிரே எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் தாயாருடன் உட்கார்ந்திருந்தான். குடல்வாலுக்குச் சஸ்திர சிகிச்சை நடந்து எட்டு நாள் ஆகிறதாம். 2010-ஆம் வருஷத்தில் முண்டியம்பாக்கத்தில் ஏற்பட்ட அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தையல் பிரித்துக்கொள்ளப் புறப்பட்டிருக்கிறார்கள்.

"இன்றைக்குக் கூலி போச்சு, ஐயா" என்றாள் தாயார்.

பையனின் கவலை வேறு. "ஊசி நூல் இல்லாமல் ஒட்டவே முடியாதா, ஸார்?" என்று கேட்டான்.

மயிலம் ஸ்டேஷன் தாண்டியதும் அவனுக்குச் சொல்லத் தொடங்கியதையே நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஒளியைக் கொண்டு ஒட்டலாம். லேசர் என்றால் வெட்டுகிற கருவி என்றே பலர் எண்ணுகிறோம். முதல் லேசரை 1960-இல் அமெரிக்காவில் தியோடோர் மைமன் ஒளிரச் செய்தார். நான்கு வருஷம் கழித்து, கரியமில வாயுவைக் கொண்டு லேசர் அமைத்தவர் நம் நாட்டவர். பாராமதியில் பிறந்து, புனா என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த குமார் படேல். அந்த லேசரின் கிரணம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் அதை உடனே விழுங்கிவிடும். தோலில் நீர் மிகுதியாதலால், கிரணத்தின் உஷ்ணம் உள்ளே இறங்காமல் மேலாகவே தங்குகிறது.

டெல் அவிவ் சர்வகலாசாலையில் அபிரகாம் காட்ஸிர் குழுவினர் இந்த லேசரையே தையலுக்கு எடுத்துக்கொண்டார்கள். வெட்டின் இரு ஓரங்களையும் சேர்த்து, மேலே ஆல்புமின் தடவிச் சூடேற்றுவார்கள். ஆல்புமின் நம் ரத்தத்தில் உள்ள வஸ்து. முட்டையின் வெண்கருவிலும் அதன் இனம் உண்டு. வெண்கரு சூட்டில் இறுகுவது போல் அதுவும் இறுகி ஓரங்களைப் பிணைக்கிறது.

கஷ்டமெல்லாம் சூட்டின் அளவில்தான். சுமார் 60 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டாது, மிஞ்சினால் தோல் வெந்து வடுவாகும். பால் பொங்கும் தறுவாயில் அடுப்பைத் தணிக்கும் கை இங்கே எது? புண்ணிலிருந்து எழும் வெப்பக் கதிரை வெள்ளி உப்பினாலான ஓர் இழை ஏந்திச் சென்று கருவியிடம் சேர்க்கிறது. கருவி அதை அளந்து லேசரைக் கூட்டிக் குறைக்கிறது. எனக்கு லேசரைவிட இந்த இழையே பெரிய அதிசயமாகப் படுகிறது.

பித்தப்பை நீக்கிக்கொண்ட 10 பேருக்கு, சில வெட்டுகளை நூலாலும் சிலவற்றை லேசராலும் மூடி ஒப்பிட்டுப் பார்த்த செய்தி 2009-இல் வெளிவந்தது. பத்துப் பேர் மிகச் சொற்பம். மேலும், ஆழமான வெட்டுக்கு உள்ளே நூல் வேண்டியதே. மின்சாரம் இல்லாத இடத்திலும் ஊசி வேலை செய்யும் என்பதையும் மறக்கலாகாது.

கிழிந்த குடலைப் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவைத்து மூடும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று மார்தட்டுபவர்கள் உண்டு. எறும்பிலிருந்து லேசர் பிறக்கவில்லை. படேல் பரிசோதனைச் சாலையில் உழைத்ததால் பிறந்தது.

விக்கிரவாண்டி கடந்து முண்டியம்பாக்கம் வந்தது.

"அந்த வெளிச்சத் தையலைப் பிரிக்கத் திரும்ப வரணுமா, ஐயா?" என்றாள் தாயார்.

"வர வேண்டாம், அம்மா."

"அப்போ அது சீக்கிரம் இங்கே வரட்டும்" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பையனை மெள்ள இறக்கிக்கொண்டு போனாள்.