ஓரெழுத்துப் பிழை

ஏட்டுப் பிரதிகளிலே ஓரெழுத்துத் திரிந்து பொருள் முழுவதும் கெட்டமையைப் பன்முறை கண்டவன் யான். உடம்பினுள்ளும் அத்தகைய பிழையுண்டென உயிரியலார் காட்டியுள்ளனர். ஈமோகுளோபினுக்குரிய பரம்பரையலகில் ஓரெழுத்து மாறி, அப்பிழை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்துசேரின், செங்குருதிக் கலங்கள் அரிவாள்போல் வளைகின்றன; குருதிக் குழாய்கள் அடைபட, நோயாளர் கடுநோவால் வருந்துகின்றனர்.

சார்ப்பந்தியே, டௌட்னா என்னும் பெண்ணறிஞர் இருவர் 2012 இல் வெளியிட்ட கிரிஸ்பர் முறைக்கு 2020 இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்முறையால் அமைந்த சிகிச்சையை 2023 இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஏற்றன. அது பிழையெழுத்தைத் திருத்துவதன்று. தாய் வயிற்றிலிருந்த காலத்து ஈமோகுளோபின் மீண்டும் உண்டாகுமாறு, அதனை அடக்கிய தடையை அறுப்பது. பழம்பிரதியைத் தேடியெடுத்துப் பிற்பிரதியின் குறையை நிரப்பும் பதிப்பாசிரியர் செயலன்றோ இது!

ஆயினும், அமெரிக்காவில் அதற்கு அறிவித்த விலை 22 இலட்சம் டொலர். இந்நோயாளரிற் பெரும்பாலோர் வாழ்வதோ ஆபிரிக்காவில். பெட்டகத்திற் பூட்டிய ஏட்டாற் பயன் என்னை? அச்சேறி எளியோர் கைக்கு வந்த பின்னரே ஏடு நூலாயிற்று. மருந்தும் அவ்வாறே. அறிவியலார் தம் பணியைச் செய்தனர். அதனை எளியோர்க்கு எட்டச் செய்யும் பணி அரசுகளுடையது.